யார் யாரோடு உட்காரலாம்?

பெசன்ட் நகரில் இருக்கிற ஆல்காட் நினைவுப் பள்ளியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு முரண் உறுத்தும். பள்ளி ஆல்காட் பெயரில், நகர் அன்னி பெசன்ட் பெயரில். இவ்விருவரையும் பிரம்மஞான சபையின் அடுத்தடுத்த தலைவர்களாகப் பார்த்தால் போதாது. வகுப்பறையில் யார் யாரோடு உட்காரலாம் என்ற கேள்வியை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

1892இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து பஞ்சமி நில ஆணை வந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில் பறையர் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். பல பள்ளிகள் கதவைச் சாத்தியிருந்த காலம் அது. இதை வெறும் வள்ளல்தனமாகச் சுருக்கிவிட முடியாது. 1898இல் அயோத்திதாசர் ஆல்காட்டோடு இலங்கை போய் பௌத்தம் தழுவினார். 'பஞ்சமர்' என்ற பெயரையும் அவர் ஏற்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தவர்கள் அல்ல அம்மக்கள்.

பள்ளியைச் சேர்ந்த கோர்ட்ரைட் அம்மையார் 1906இல் எழுதிய நூலின் தலைப்பு, 'பறையருக்கு நாம் எப்படிக் கற்பிக்கிறோம்' என்பது. இந்த 'நாம்' யார்?

1907இல் ஆல்காட் மறைந்தார், பெசன்ட் தலைவரானார். 1909 பிப்ரவரி 'இந்தியன் ரெவ்யூ'வில் அவர் எழுதிய கட்டுரை, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை மற்ற பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கலாகாது என்றது. சுத்தம், உணவு, உடல் நாற்றம் என்று காரணம் அடுக்கியது. 1945இல் வந்த நூலில் அம்பேத்கர் இதை எடுத்துக்காட்டினார். அடைக்கலமாக இருந்த தனிப் பள்ளி, 'உன் இடம் அங்கேதான்' என்று சொல்லவும் வசதியாகிவிட்டது.

இன்றும் அது கட்டணமில்லாத, தமிழ்வழிப் பள்ளி. மீனவக் குப்பங்களின், கூலித் தொழிலாளர் வீடுகளின் பிள்ளைகள் வருகிறார்கள். சுற்றியுள்ள அடுக்குமாடிப் பிள்ளைகள் வருவதில்லை. இன்று யாரும் தடுக்கவில்லை. பெசன்டின் வாதம் செய்ததைக் கட்டணமும் ஆங்கிலவழியும் செய்துவிடுகின்றன. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்கிறது. வசதியுள்ளவர் பிள்ளை இலவசப் பள்ளிக்குப் போகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

"நல்ல பள்ளிக்கூடம்தான், ஆனா நம்ம புள்ளைங்கள எப்படிங்க அங்க சேக்கறது?" என்றார் ஒரு தோழர். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் மகனையும் நான் அங்கே சேர்க்கவில்லை. கோர்ட்ரைட் அம்மையாரின் 'நாம்' என் வீட்டிலும்தான் இருக்கிறது.