நிற்கும்போது மட்டும் வந்த வலி



என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மத்தியானத்துக்கு மேல் டீச்சர் சிடுசிடுவென்று இருப்பார். கரும்பலகையில் பாதி எழுதிவிட்டு, மீதியை உங்களில் ஒருவரை எழுதச் சொல்லி உட்கார்ந்துவிடுவேன். கோபமில்லை பிள்ளைகளே. அடிவயிற்றில் எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல ஒரு வலி. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்தது. படுத்தால் குறையும். லேப்ராஸ்கோப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லைம்மா, வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா?" என்றார் மருத்துவர். மாதவிடாய் நின்றபின் வலியும் மெல்லப் போனது. நானும் மறந்துவிட்டேன்.

சென்ற ஆண்டு என் அண்ணன் மகளுக்கு அதே மாதிரி வலி வந்தபோதுதான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், வெரிகோஸ் வெயின். அதே கோளாறு இடுப்புக்குள்ளும் வரும். சினைப்பையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகள் கர்ப்பகாலத்தில் விரிகின்றன. சிலருக்கு அவற்றின் வால்வுகள் பிறகு சரியாக மூடுவதில்லை. நின்றால் ரத்தம் கீழே இறங்கித் தேங்கும். இடது பக்கத்தில்தான் அதிகம். வலப்பக்கச் சிரை பெருஞ்சிரையில் நேராகச் சேர, இடப்பக்கத்தது சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய் முட்டுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. பிரான்சின் அறுவை மருத்துவர் ரிஷே 1857-லேயே இந்த வீங்கிய சிரைகளைப் பற்றி எழுதிவிட்டார். 1949-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் டெய்லர், ரத்தத் தேக்கத்தால் வலி வரும் என்று விரிவாக எழுதினார். ஆனால் தேக்கத்துக்கே மன அழுத்தம் காரணம் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் முதல் பாதியை எல்லோரும் மறந்தார்கள், இரண்டாம் பாதி மட்டும் என்னைப் பார்த்த மருத்துவர் வரை வந்து சேர்ந்தது என்பது என் எண்ணம்.

லேப்ராஸ்கோப்பி செய்யும்போது நோயாளியைப் படுக்கவைத்துத் தலையைத் தாழ்த்துவார்கள். அப்போது அந்தச் சிரைகளில் இருந்த ரத்தம் வடிந்துவிடும். நின்றால் வரும் வலியைத் தலைகீழாகச் சாய்த்துவைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

1984-ல் லண்டனில் ரிச்சர்ட் பியர்டும் அவருடைய குழுவினரும், காரணம் தெரியாத வலி என்று கைவிடப்பட்ட பெண்களுக்கு எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைக் கர்ப்பப்பைச் சுவரில் செலுத்திப் படம் எடுத்தார்கள். பலருக்குச் சிரைகள் விரிந்திருந்தன. 1987-ல் சிரைகளைச் சுருங்கவைக்கும் மருந்தை ஊசியாகப் போட்டபோது வலி குறைந்தது. நோய் இருப்பது மனதில் அல்ல, சிரையில் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனாலும் வைத்தியம் கடுமையாகவே இருந்தது. ஹார்மோன் மாத்திரை, நிறுத்தினால் வலி திரும்பும். அதற்கும் மேலே போனால் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுப்பது. அடைப்பு போடும் முறை, அதாவது மெல்லிய குழாயைச் சிரைவழி செலுத்தி, உலோகச் சுருள் வைத்துப் பழுதான சிரையை மூடுவது, இந்த நோய்க்குச் செய்யப்பட்டதாக 1993-ல்தான் மருத்துவ இதழில் வந்தது. ஆண்களின் விதைப்பையிலும் இதே போலச் சிரை வீங்கும். அதைக் குழாய்வழி அடைப்பது 1970-களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது! உடலமைப்பில் இரண்டும் ஒரே சிரைதான். இதைப் படித்த அன்று எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சிரை விரிந்த எல்லோருக்கும் வலிப்பதில்லை. எண்டோமெட்ரியோசிஸ் போன்ற வேறு காரணங்களையும் பார்த்த பிறகே முடிவுக்கு வருவார்கள். 2021-ல் பழைய பெயர்களை விட்டு, 'இடுப்புச் சிரைக் கோளாறுகள்' என்று ஒன்றாக வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

என் மருமகளும் இரண்டு இடங்களில் "டென்ஷன்தான் காரணம்" என்று கேட்டுவிட்டு வந்தவள். துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் வேலை. மூன்றாவது இடத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே வந்ததும் போன் செய்தாள்: "அத்தை, என்னை நிக்க வெச்சுப் பார்த்தாங்க."

இடது பக்கச் சிரையை அடைத்தார்கள். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் முணுமுணுவென்று வலித்ததாம். போன மாதம் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மூன்று பந்திக்கு நின்று பரிமாறினாள். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.