அணைபட்ட மூச்சு

அம்பாங் என்னும் பெயர் அணைக்கட்டைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து தோன்றியது. 1857ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே வந்து, காட்டினுள் நடந்து, இங்கே ஈயம் தோண்டத் தொடங்கினர். ஒரு மாதத்திற்குள் காட்டுக் காய்ச்சலுக்குத் தப்பி எஞ்சியவர் 18 பேரே என வரலாறு கூறும். மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897இல்தான். ஆகவே, அக்காய்ச்சல் பரவும் வழியை அறியாமை அன்றைய உலகம் முழுமைக்கும் உரியதாகும்.

ஆஸ்துமாவின் கதை வேறு. இரைப்பு, இழுப்பு என நம்மவர் வழங்கும் இந்நோயில் மூச்சுக்குழல்கள் சுருங்கி வீங்குகின்றன, சளியும் அடைக்கிறது. உட்சென்ற காற்று, அணையிட்ட ஆறுபோல் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. இதற்கு 1956இல் அளவாகத் தெளிக்கும் இன்ஹேலர் வந்தது. 1969இல் சல்பூட்டமால் மருந்தும் வந்தது. 2005 ஆகஸ்டில் புகைமூட்டம் முற்றிக் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டபோது, மருந்து பிறந்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

ஆயினும், யான் பெற்ற ஆசிரியர் பயிற்சியில் இதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. பணியேற்ற முதலாண்டில் மூச்சுத் திணறிய மாணவி ஒருத்தியைப் படுக்க வைத்தேன். தண்ணீரும் புகட்ட முனைந்தேன். அவள் என் கையை விலக்கித் தானே எழுந்து அமர்ந்தாள். அச்சிறுமியின் உடல் அறிந்ததை ஆசிரியன் அறிந்திலன்.

ஆசிரியப் பெருமக்களும் மாணவர்களும் அறிய வேண்டுவது சிலவே. திணறுபவரை நிமிர்ந்து அமரச் செய்க. கழுத்துப் பொத்தானைத் தளர்த்துக. கூட்டத்தை விலக்கி, அமைதியாகப் பேசுக. அவருடைய நீலநிற இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசர் குழலில் பொருத்தி, ஒவ்வொன்றாக 4 தெளிப்புகள் தருக; ஒவ்வொரு தெளிப்புக்கும் 4 முறை மூச்சிழுக்கச் செய்க. 4 நிமிடம் பொறுத்தும் தணியாவிடின் மீண்டும் அவ்வாறே தருக. அதன் பின்னும் தணியாவிடின் 999 எண்ணை அழைத்து, உதவி வரும்வரை அம்முறையைத் தொடர்க. பேச இயலாமை, உதடு நீலம் பாரித்தல், கையில் மருந்தின்மை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் காத்திராமல் உடனே அழைக்க வேண்டும். இரைச்சல் திடீரென அடங்கியும் திணறல் நீடித்தால், நோய் தணிந்ததெனக் கருதற்க. காற்றே செல்லவில்லை என்பதற்கு அது அடையாளமாகலாம்.

1857இல் அம்பாங் காட்டில் மாண்டோரைக் காக்கும் அறிவு அவர்கள் கைக்கு எட்டவில்லை. இன்றோ அது மாணவனின் புத்தகப் பையிலேயே இருக்கிறது. அதை எடுத்துக் கொடுக்க நம் கை பழகியிருத்தல் வேண்டும்.