நுரையம்புத் துப்பாக்கி மின்கலங்கள்

மின்னோடி பொருத்தப்பட்ட நுரையம்பு விளையாட்டுத் துப்பாக்கிகளுக்கான மீள்மின்னேற்ற மின்கலங்கள், மின்னழுத்தம், தரவல்ல மின்னோட்டம் ஆகியவற்றைக் கொண்டு தெரிவு செய்யப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, நெர்ஃப் ஸ்ட்ரைஃப் துப்பாக்கி, தொடராக இணைந்த நான்கு ஏஏ அளவுக் காரமின்கலங்களால் (6 வோல்ட்டு) இயங்குவது. இதில் இரு மின்னோடிகள் சுழற்றும் சில்லுகள் அம்பை உந்துகின்றன.

மின்னோடி சுழலத் தொடங்கும்போது மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். காரமின்கலத்தின் அகத்தடை கூடுதலாகையால் அவ்வேளையில் அதன் மின்னழுத்தம் தாழ்ந்துவிடும். நிக்கல்-உலோக ஐதரைடு மின்கலம் 1.2 வோல்ட்டே கொண்டதாயினும், அகத்தடை குறைந்தது; எனவே சுமையின்போது மின்னழுத்தத்தைப் பெரிதும் இழப்பதில்லை.

14500 வகை இலித்தியம்-அயனி மின்கலமும் ஏஏ அளவினதே, ஆனால் 3.7 வோல்ட்டு கொண்டது. நான்கையும் இட்டால் 14.8 வோல்ட்டாகி மின்னோடி எரிந்துவிடக்கூடும். இலித்தியம் மின்கலத்தை அதற்குரிய மின்னேற்றியிலேயே ஏற்ற வேண்டும். மிகையாக ஏற்றினால் தீப்பற்றக்கூடும்.