வகுப்பறைக்கு முன் வட்டம்
ஆங்கில, அமெரிக்க இலக்கியக் கல்வி வளர்ந்த வரலாறு

ஒரு மொழியின் இலக்கியம் அம்மொழி வழங்கும் நாட்டின் பல்கலைக்கழகத்தில் பாடமாக இருப்பது இயல்பானது என்றே எவரும் எண்ணுவர். ஷேக்ஸ்பியரும் மில்டனும் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் தொன்றுதொட்டுப் பயிலப்பட்டு வந்தனர் என்னும் எண்ணமும் அத்தகையதே. வரலாறு காட்டும் உண்மை வேறு. ஆக்ஸ்போர்டில் ஆங்கில மொழி இலக்கியத்திற்கெனத் தனிப் பட்டப் பிரிவு நிறுவப்பெற்றது 1894ஆம் ஆண்டில்தான். அப்போது ஷேக்ஸ்பியர் மறைந்து 278 ஆண்டுகள் கழிந்திருந்தன. கேம்பிரிட்ஜ் இன்னும் பிந்தியது. அங்கே ஆங்கிலத்திற்குத் தனிப் பட்டத் தேர்வு 1917இல் வந்தது. அமெரிக்க இலக்கியமோ தன் சொந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களிலேயே நெடுங்காலம் வாயிலில் நிற்க வைக்கப்பட்டது.

இக்கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பேராசிரியர்களின் பெயர்களையே வரிசைப்படுத்துவர். அப்பெயர்களுக்குப் பின்னால் மற்றொரு வரிசை உண்டு. அது வழக்கறிஞரும் வணிகரும் அரசு ஊழியரும் இளங்கவிஞரும் மாலை வேளைகளில் கூடிய சிறிய இலக்கிய வட்டங்களின் வரிசை. பல்கலைக்கழகம் கதவைத் திறக்கும் முன்னரே இலக்கியத்தைத் தேடியும் அச்சிட்டும் விவாதித்தும் வந்தவை அவை. அவற்றின் ஆக்கமும் குறையும் பின்னாளில் பாடத்திட்டத்தின் ஆக்கமும் குறையுமாக மாறின. இலக்கிய வட்டங்களில் ஈடுபட்டோர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

தாய்மொழிக்கு இடமில்லை

பழைய ஆங்கிலப் பல்கலைக்கழகங்களில் கல்வி எனப்பட்டது கிரேக்கமும் இலத்தீனும் கணிதமுமே. தாய்மொழி இலக்கியம் கற்பிக்கப்பட வேண்டியதன்று. ஓய்வு நேரத்தில் எவரும் தாமே படித்துக்கொள்ளத்தக்கது என்று கருதப்பட்டது. எனவே ஆங்கில இலக்கியக் கல்வி, மையத்தில் தோன்றாமல் ஓரங்களில் தோன்றியது.

முதல் ஓரம் ஸ்காட்லாந்து. 1748இல் எடின்பரோ நகரில் ஆடம் ஸ்மித் சொற்கலை பற்றியும் இலக்கியம் பற்றியும் ஆற்றிய பேருரைகள் பல்கலைக்கழகத்தின் சார்பில் நடந்தவை அல்ல; நகரத்து அறிஞர் சிலரின் ஆதரவில் பொதுமக்களுக்காக நடந்தவை. அந்த மரபு வேரூன்றிய பிறகே, 1762இல், அப்பல்கலைக்கழகத்தில் ஹியூ பிளேயருக்கு அரசின் பேராசிரியர் இருக்கை அளிக்கப்பட்டது. இரண்டாவது ஓரம் இலண்டன். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் சமயக் கட்டுப்பாட்டால் இடம்பெற இயலாதவர்களுக்காக எழுந்த புதிய கல்லூரியில், 1828இல் தாமஸ் டேல் ஆங்கில மொழி இலக்கியப் பேராசிரியரானார்.

மூன்றாவது ஓரம் இந்தியா. 1835இல் மெக்காலேயின் குறிப்புரையும் அதன் வழி வந்த அரசாணையும் ஆங்கிலக் கல்விக்கு வழிவகுத்தன. 1857இல் சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. ஆக்ஸ்போர்டு மாணவர் ஆங்கிலக் கவிதையில் பட்டம் பெற வழியில்லாதிருந்த காலத்திலேயே சென்னை மாணவர் ஆங்கில இலக்கியத்தைத் தேர்வுப் பாடமாகப் படித்தனர். ஆள்வோரின் நோக்கம் ஆட்சிக்குத் துணைபுரியும் வகுப்பினரை உருவாக்குவது. எனினும் விளைவு அந்நோக்கத்திற்குள் அடங்கவில்லை. ஆங்கில ஆசிரியராகப் பணிபுரிந்த மு.சி. பூரணலிங்கம் பிள்ளை, பரிதிமாற் கலைஞரின் துணையோடு ‘ஞானபோதினி’ இதழை 1897இல் தொடங்கினார். 1904இல் தமிழ் இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். பிறமொழி இலக்கியத்தை முறையாகக் கற்ற பயிற்சி தம்மொழி இலக்கியத்தை வரிசைப்படுத்திக் காணும் கண்ணையும் கொடுத்தது.

பர்னிவல் அமைத்த சங்கங்கள்

ஆங்கில இலக்கியம் பல்கலைக்கழகப் பாடமாவதற்குப் பெரியதொரு தடை இருந்தது. கற்பிக்க நூல்களே இல்லை. சாசருக்கு முற்பட்ட படைப்புகளும் அவர் காலத்துப் படைப்புகள் பலவும் கையெழுத்துச் சுவடிகளாக நூலகங்களில் உறங்கின. அவற்றை வெளிக்கொணர்ந்ததில் பெரும்பங்கு பேராசிரியர் எவருக்கும் உரியதன்று. கணிதத்தில் பட்டம் பெற்று, வழக்கறிஞராகத் தகுதி பெற்ற பிரடரிக் ஜேம்ஸ் பர்னிவல் என்பவருக்கே அது உரியது.

1825இல் பிறந்த பர்னிவல், 1854இல் இலண்டனில் தொழிலாளர் கல்லூரி தோன்றியபோது அதன் முன்னோடிகளுள் ஒருவராக நின்று, உழைக்கும் மக்களுக்கு ஆங்கில இலக்கியம் கற்பித்தார். பின்னாளில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியாக மலர்ந்த பெரும்பணியின் தொடக்கக் காலப் பதிப்பாசிரியர்களுள் அவரும் ஒருவர். அகராதிக்குப் பழைய சொல்லாட்சிகள் வேண்டும். சொல்லாட்சிகளுக்கு அச்சிட்ட நூல்கள் வேண்டும். இத்தேவையிலிருந்து 1864இல் ஆதி ஆங்கில நூற்பதிப்புச் சங்கம் பிறந்தது. உறுப்பினரின் ஆண்டுச் சந்தா ஒரு கினி. அச்சந்தாவைக் கொண்டே சுவடிகள் ஒவ்வொன்றாக அச்சேறின.

1868இல் சாசர் சங்கம், 1873இல் புதிய ஷேக்ஸ்பியர் சங்கம், 1881இல் பிரௌனிங் சங்கம், 1886இல் ஷெல்லி சங்கம் என அவர் கைபட்டுத் தொடங்கிய அமைப்புகள் பல. பிரௌனிங் சங்கம் தோன்றியபோது அக்கவிஞர் உயிரோடிருந்தார். வாழும் கவிஞர் ஒருவரின் கவிதைகளை வரிவரியாக ஆராய ஒரு வட்டம் கூடியது பலருக்கு நகைப்பாக இருந்தது. சாசர் சங்கத்தின் பணியோ எவரும் நகைக்க இயலாதது. ‘கேன்டர்பரி கதைகள்’ நூலின் ஆறு சுவடிகளைப் பக்கத்தில் பக்கமாக அச்சிட்டு, எந்தப் பாடம் மூலத்திற்கு அணுக்கமானது என்று எவரும் ஒப்பிட்டறிய அது வழிசெய்தது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்கீட் 1894இல் சாசரின் படைப்புகளைச் செம்பதிப்பாக வெளியிட்டபோது, அவருக்கு அடித்தளமாய் நின்றது சந்தாதாரர்களின் பணத்தில் நடந்த அந்தப் பணியே.

தேர்வு வைக்க முடியுமா?

நூல்கள் கிடைத்த பின்னும் ஆக்ஸ்போர்டு எளிதில் இணங்கவில்லை. 1885இல் ஆங்கில மொழி இலக்கியத்திற்கென மெர்ட்டன் இருக்கை உருவானது. அதற்கு ஏ.எஸ். நேப்பியர் என்னும் மொழிநூல் அறிஞர் அமர்த்தப்பட்டார். அவ்விருக்கையை நாடிக் கிட்டாது போன சர்ட்டன் காலின்ஸ், இலக்கியம் மொழிநூலின் கிளையாகச் சுருங்கிவிடலாகாது என்று பத்திரிகைகளில் தொடர்ந்து போராடினார். பல்கலைக்கழக விரிவாக்கத் திட்டத்தின்கீழ் ஊரூராகச் சென்று பொதுமக்களுக்கு இலக்கிய உரை நிகழ்த்தியவர் அவர். பெண்களும் பள்ளி ஆசிரியர்களும் அவ்வுரைகளைக் கேட்டுப் பயன்பெறுவதை நேரில் கண்டிருந்தார்.

எதிரணியில் நின்றவர்களுள் வலிமையானவர் வரலாற்றுப் பேராசிரியர் பிரீமன். உண்மைகளை அறிந்திருக்கிறாரா என்று மாணவரைத் தேர்வு செய்யலாம். சுவையுணர்வை எவ்வாறு தேர்வு செய்வது என்பது அவர் 1887இல் எழுப்பிய வினாவின் சாரம். அவ்வினாவை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. கவிதையைத் தேர்வுக்கு உரியதாக்கினால், தேர்வு செய்யத்தக்க பகுதி மட்டும் எஞ்சிக் கவிதை நழுவிவிடுமோ என்னும் ஐயம் அதனுள் இருக்கிறது. ஆக்ஸ்போர்டு 1894இல் கண்ட விடை ஒரு சமரசமே. இலக்கியம் வந்தது, அதைக் கடினமாக்கப் பழைய ஆங்கிலமும் மொழிநூலும் உடன் வந்தன.

கேம்பிரிட்ஜ் வேறு விடை தேடியது. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1920களில் மாணவர்களிடம் கவிஞர் பெயரையும் காலத்தையும் மறைத்துக் கவிதைகளை மட்டும் கொடுத்து, அவற்றைப் பற்றி எழுதச் செய்தார். 13 கவிதைகள் பற்றி வந்த குறிப்புரைகளை 1929இல் ‘செயல்முறைத் திறனாய்வு’ என்னும் நூலில் ஆராய்ந்தார். பெயர்பெற்ற கவிஞர்கள் தள்ளப்பட்டதும் சாதாரணக் கவிதைகள் போற்றப்பட்டதும் அதில் வெளியாயின. நன்கு கற்றவர்களும் கவிதையைப் படிக்கவில்லை, கவிஞரின் புகழையே படித்தனர் என்பது தெளிவாயிற்று. அவரிடம் பயின்ற வில்லியம் எம்ப்சன் 1930இல் பொருள்மயக்கத்தின் ஏழு வகைகளைப் பற்றிய நூலை எழுதினார். இவ்வாறு, பிரீமன் கேட்ட வினாவுக்கு ஒரு மறுமொழி உருவாயிற்று. சுவையைத் தேர்வு செய்ய இயலாது. சொல்லை ஊன்றிப் படிக்கும் திறனைப் பயிற்றலாம்.

இரண்டாம் முறை நிகழ்ந்த புறக்கணிப்பு

இங்கிலாந்தில் ஆங்கிலத்தைச் செவ்வியல் மொழிகள் நடத்தியவாறே, அமெரிக்காவில் அமெரிக்க எழுத்தை ஆங்கில இலக்கியம் நடத்தியது. ஹார்வர்டில் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1851 முதல் சொற்கலைப் பேராசிரியராக இருந்து, மாணவர் கட்டுரைகளைத் திருத்துவதில் கால் நூற்றாண்டைக் கழித்தார். 1876இல் புதிதாக எழுந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்த பின்னரே ஹார்வர்டு அவரைத் தன் முதல் ஆங்கிலப் பேராசிரியராக்கியது. பின்னர் அவர் 305 கதைப்பாடல்களைத் தொகுத்து உலகப் புகழ்பெற்றார். அவை அனைத்தும் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் உரியவை.

1878இல் மோசஸ் காய்ட் டைலர் குடியேற்றக் கால அமெரிக்க இலக்கிய வரலாற்றை இரு தொகுதிகளாக எழுதினார். ஆயினும் பல்கலைக்கழகங்கள் தம் மண்ணின் எழுத்தை ஆங்கில இலக்கியத்தின் சிறு வாலாகவே கண்டன. ‘மோபி டிக்’ நாவலை 1851இல் எழுதிய மெல்வில், நியூயார்க் துறைமுகச் சுங்க அலுவலராக ஏறத்தாழ 19 ஆண்டுகள் உழைத்து 1891இல் மறக்கப்பட்டவராக மறைந்தார். இடைக்காலத்தில் அவரைப் படித்துவந்தோருள் இங்கிலாந்தின் சிறு வாசகர் குழுவினரும் இருந்தனர். 1921இல் வீவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்குப் பிறகே அவர் மீண்டெழுந்தார். எமிலி டிக்கின்சன் ஏறத்தாழ 1,800 கவிதைகளை எழுதி வைத்து 1886இல் மறைந்தார். அவற்றைப் பதிப்பாசிரியர்கள் திருத்தாத வடிவில் முழுமையாகக் காண 1955 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1929இல் அமெரிக்க இலக்கியத்திற்கென ஓர் ஆய்விதழ் தொடங்கியதும், 1941இல் மாத்தியெசன் ‘அமெரிக்க மறுமலர்ச்சி’ நூலை வெளியிட்டதுமே அத்துறைக்கு உறுதியான நிலையைத் தந்தன.

நாஷ்வில்லும் வாஷிங்டனும்

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க வகுப்பறைகளை மாற்றியமைத்த வட்டம் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் கூடியது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் நகரத்தார் சிலரும் ஜேம்ஸ் பிராங்க் என்னும் வணிகரின் இல்லத்தில் கூடினர். ஜான் குரோ ரான்சம், டொனால்ட் டேவிட்சன், ஆலன் டேட், அப்போது இளம் மாணவராயிருந்த ராபர்ட் பென் வாரன் ஆகியோர் அதில் இருந்தனர். கவிஞர் தம் கவிதையின் படிகளை எல்லோர்க்கும் கொடுத்துவிட்டுப் படிப்பார். பிறகு ஒவ்வொரு சொல்லும் விசாரணைக்கு உள்ளாகும். ஆசிரியரின் கவிதையையும் மாணவர் தயங்காமல் அறுத்துப் பார்க்கலாம். 1922 முதல் 1925 வரை அவர்கள் ‘பியூஜிட்டிவ்’ என்னும் இதழை நடத்தினர். 19 இதழ்களோடு அது நின்றது.

இதழ் நின்றாலும் படிக்கும் முறை நிற்கவில்லை. வாரனும் கிளியாந்த் புரூக்ஸும் லூசியானாவில் ஆசிரியர்களாயிருந்தபோது, கவிதையை விளங்கிக்கொள்ளும் வழிபற்றி 1938இல் ஒரு பாடநூலை வெளியிட்டனர். கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பை ஒதுக்கி, கவிதையின் தொனியையும் உருவகத்தையும் கட்டமைப்பையும் நோக்கச் செய்த நூல் அது. ரான்சம் 1941இல் எழுதிய நூலின் தலைப்பான ‘புதுத் திறனாய்வு’ என்பதே அம்முறையின் பெயராயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து, படைவீரர் கல்விச் சட்டத்தின் உதவியோடு இலட்சக்கணக்கானோர் கல்லூரிக்கு வந்தபோது, நூலகமோ செவ்வியல் பயிற்சியோ இல்லாதவர்க்கும் இம்முறை கைகொடுத்தது. நாஷ்வில் இல்லமொன்றில் நடந்த விவாதம் ஒரு நாட்டின் வகுப்பறை வழக்கமாயிற்று.

அதே 1920களில் வாஷிங்டன் நகரின் எஸ் தெருவிலும் ஒரு வட்டம் கூடியது. கவிஞரும் அரசு ஊழியருமான ஜார்ஜியா டக்ளஸ் ஜான்சன் தம் வீட்டைச் சனிக்கிழமை இரவுகளில் கறுப்பின எழுத்தாளர்களுக்குத் திறந்து வைத்தார். லாங்ஸ்டன் ஹியூஸ், ஜீன் டூமர், அலன் லாக், ஸோரா நீல் ஹர்ஸ்டன் ஆகியோர் அங்கே வந்தனர். 1925இல் லாக் தொகுத்த ‘புதிய நீக்ரோ’ நூல் இத்தலைமுறையின் குரலை உலகுக்கு உணர்த்தியது. ஹாவர்டு போன்ற கறுப்பினப் பல்கலைக்கழகங்கள் அக்குரலைக் கற்பித்தன. ஏனைய பெரும் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டம் செவிசாய்க்கவில்லை. ஹர்ஸ்டன் 1960இல் மறைந்தபோது அவர் கல்லறைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. 1973இல் ஆலிஸ் வாக்கர் அக்கல்லறையைத் தேடிச் சென்று கல் நாட்டினார். 1975இல் அதுபற்றி எழுதினார். ஹர்ஸ்டனின் 1937ஆம் ஆண்டு நாவல் 1978இல் மறுபதிப்புக் கண்டது. 1968-69இல் சான்பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் மாணவர் நடத்திய நீண்ட வேலைநிறுத்தத்திற்குப் பிறகே கறுப்பினத்தார் ஆய்வுத் துறைகள் பரவலாக எழுந்தன.

இவ்விரு வட்டங்களையும் சேர்த்து நோக்குவது நன்று. நாஷ்வில் வட்டத்தினர் சொல்லுக்குச் செவிகொடுப்பதில் தேர்ந்தவர்கள். தம் நகரத்தில் வாழ்ந்த கறுப்பின மக்களின் குரலுக்கு அச்செவியைக் கொடுக்கவில்லை. டேவிட்சன் 1950களில் நிறவேற்றுமைப் பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்தார். வாரன் தம் முந்தைய நிலையினின்று விலகி, 1956இலும் 1965இலும் எழுதிய நூல்களில் மறுபக்கத்தின் சொல்லைத் தேடிச் சென்று கேட்டார். ஒரே வட்டத்தில் ஒரே பயிற்சி பெற்ற இருவர் இருவேறு முடிவுகளுக்கு வந்தனர். நுண்மையாகப் படிக்கும் பயிற்சி தானே நடுநிலையைத் தந்துவிடாது என்பதற்கு இது சான்று.

பல்கலைக்கழகம் பாதுகாக்கும், பெரும்பாலும் பிந்தியே பாதுகாக்கும். எதைப் பாதுகாக்க வேண்டும் என்பதை அதற்குச் சொல்பவர்கள் ஒரு கினி சந்தா செலுத்தியவர்களும், தம் கவிதையின் படிகளை நண்பர் கையில் கொடுத்துக் குறை கேட்டவர்களும், சனிக்கிழமை இரவில் வீட்டைத் திறந்து வைத்தவர்களுமே. அவர்கள் அச்சிட்டது நிலைத்தது. அவர்கள் அழைக்க மறந்தவர்கள் அரை நூற்றாண்டு காத்திருந்தனர். ஆங்கில, அமெரிக்க இலக்கியக் கல்வியின் வரலாறு இலக்கிய வட்டங்களுக்குத் தரும் பெருமை இதுவே. சுமத்தும் பொறுப்பும் இதுவே.