துடுப்புக்குள் கணுக்கால் வந்த கதை

உடற்பயிற்சிக் கூடத்தின் ரோயிங் மெஷினில் புதிதாக அமர்பவர் தோளும் முதுகும் வலிக்கும் என்று எதிர்பார்த்தே அமர்கிறார். ஆனால் சில வாரங்களில் கணுக்கால் வலிக்கத் தொடங்கினால் திகைத்துப்போகிறார். துடுப்பு கையால் இயங்குவதாயிற்றே, அதில் கணுக்காலுக்கு என்ன வேலை? இதற்கான விடையில் பாதி உடற்கூற்றியலில் இருக்கிறது, மறுபாதி வரலாற்றில். அந்த மறுபாதியை எடுத்துச் சொல்வோர் குறைவு.

மிக நீண்ட காலம் துடுப்பு வலிப்போர் அசையாத பலகையில்தான் அமர்ந்திருந்தனர். இடுப்பிலிருந்து உடலைப் பின்னுக்குச் சாய்த்து, முதுகாலும் கையாலும் இழுத்தனர். கால் முட்டுக்கொடுத்தது, அவ்வளவே. கி.மு. 429இல் பெலொப்பொனேசிய மாலுமிகள் கொரிந்திலிருந்து மெகாராவுக்குத் தரைவழியே சென்றபோது, ஒவ்வொருவரும் தம் துடுப்பையும் அதைப் பிணைக்கும் வாரையும் ஒரு மெத்தையையும் சுமந்து சென்றதாகத் துசிடிடீஸ் எழுதுகிறார். அம்மெத்தை உடல் நோகாமல் இருப்பதற்கா, பலகைமீது சற்று வழுக்கி நகர்வதற்கா என்ற விவாதம் இன்னும் உண்டு. வழுக்குவதற்கே என்று கொண்டாலும், அந்த நகர்வு கணுக்காலைச் சோதிக்கும் அளவுக்கு இருந்திராது. அடுத்த நூற்றாண்டில் ஏதென்ஸின் தளபதி காப்ரியாஸ் கரையில் மரச்சட்டங்களை அமைத்துப் புதியவர்களுக்குத் துடுப்புப் பயிற்சி அளித்தார் என்ற செய்தி பொலியேனஸின் நூலில் வருகிறது. தரையில் துடுப்புப் பழகுவது அவ்வளவு பழையது. கணுக்கால் அதில் நுழைந்ததோ மிக அண்மையில்.

நுழைந்த காலத்தைத் துல்லியமாகவே சுட்டலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போட்டிப் படகோட்டிகள் சிலர் இருக்கையில் கொழுப்பைத் தடவி, அதன்மேல் வழுக்கிக் காலின் வலுவைத் துடுப்புக்குக் கடத்த முயன்றனர். நியூயார்க்கின் பாப்காக் 1870இல் நகரும் இருக்கையைப் படகில் பொருத்தினார். 1873இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அணிகள் இரண்டும் நகரும் இருக்கையோடு தேம்ஸில் போட்டியிட்டன. கேம்பிரிட்ஜ் 19 நிமிடம் 35 விநாடியில் வென்றது. தொடக்கத்தில் இருக்கை நகர்ந்த தொலைவு சிறிது. பின்னர் தண்டவாளம் நீண்டது. அது நீள நீள முழங்கால் ஆழமாக மடிந்தது. கணுக்காலும் உடன் மடிய வேண்டியதாயிற்று. முதுகின் ஊசலே அழகு என்று நம்பிய பழைய மரபினரும், காலின் உந்துதலே விசை என்று வாதிட்ட ஸ்டீவ் ஃபேர்பேர்ன் வழியினரும் பல பத்தாண்டுகள் மோதினர். கணுக்கால் எவ்வளவு மடியும் என்பது அந்தப் பூசலில் பெரிதாகப் பேசப்பட்ட பொருளன்று.

தமிழில் துடுப்பை இயக்குவதற்கும் நோவதற்கும் வினை ஒன்றே: வலித்தல். மலையாளம் 'வலிக்குக' என்பதை இழுத்தலுக்கு வைத்துக்கொண்டு, நோவுக்கு 'வேதன' என்ற வேறு சொல்லைத் தேர்ந்துகொண்டது.

தரைப் பொறிக்கும் காப்புரிமைகள் அதே 1870களிலேயே தோன்றிவிட்டன. ஆயினும் இன்று கூடங்களை நிறைத்திருக்கும் வடிவம், வெர்மான்டில் துடுப்பு செய்துகொண்டிருந்த டிரைசிகாக்கர் சகோதரர்கள் 1981இல் சைக்கிள் சக்கரத்தைக் கொண்டு உருவாக்கிய பொறியிலிருந்து வந்தது. பனிக்காலத்தில் நீர் உறையும்போது படகோட்டிகள் பயிற்சியை விடாதிருக்கப் பயன்பட்ட கருவி அது. அதில் அமர்பவர் ஏற்கெனவே பயிற்றுநரிடம் பழகியவர் என்பது சொல்லப்படாத எடுகோள்.

நீரிலும் தரையிலும் நிகழ்வது ஒன்றன்று. படகு இலகுவானது, ஓட்டி முன்னே மடியும்போது பெரும்பாலும் படகே அவர் காலடிக்கு நகர்ந்து வருகிறது. தரையில் பதிந்த பொறியோ நகர்வதில்லை. உடல் முழுவதும் முன்னும் பின்னும் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் முன்முனையில் அந்த எடையை நிறுத்தித் திருப்ப வேண்டியது வார் கட்டிய பாதமும் அதன் மூட்டும்தான். புதியவர் அவசரமாக முன்னே பாய்கிறார். கணைக்கால் செங்குத்தைத் தாண்டிச் சாய்கிறது. மூட்டின் முன்புறம் நெரிபடுகிறது. குதிகால் உயர்ந்து தசைநாண் இழுபடுகிறது. பின்சாய்ந்த பிறகு வாரைப் பாதத்தால் இழுத்து உடலை மீட்கிறார். கணைக்காலின் முன்தசை ஓய்வின்றி உழைக்கிறது. வாரை மிக இறுக்கியிருந்தால் புறங்காலின் நாண்களும் நோகும்.

இதைப் புதியவரின் உடற்குறையாகக் கருதுவது எளிது. ஆனால் அது நியாயமன்று. குந்தி அமர்வது அன்றாட வழக்கமாக இருந்தவரைக்கும் இந்த மடிப்பு பலருக்கும் இயல்பாக இருந்தது. நாற்காலியில் நாளைக் கழிப்பவருக்கு அது குறைந்திருக்கக்கூடும். பரவலான பொறிகளில் பாதப்பலகையின் உயரத்தை மாற்றலாம். சாய்வை மாற்ற முடியாது. பலகையைத் தாழ்த்தி, வாரை விரல்களின் அடிமூட்டுக்கு மேல் தளர்வாகக் கட்டி, கணைக்கால் செங்குத்தானதும் நின்றுவிட்டால் பெரும்பாலோருக்குச் சுமை குறையும். வீக்கமோ, ஓய்விலும் தொடரும் வலியோ இருந்தால் மருத்துவரிடம்தான் செல்ல வேண்டும். படகுக் கழகங்களில் மற்றொரு பழைய பயிற்சியும் உண்டு: வாரை முற்றிலும் அவிழ்த்துவிட்டு வலிப்பது. காலால் இழுத்து மீள முயல்பவரின் பாதம் அப்போது பலகையை விட்டு உடனே எழுந்துவிடும்.