கந்தையும் தேர்ச்சீலையும்: திருவண்ணாமலையில் ஒட்டுத்துணியின் கதை

குயில்ட் என்பதற்குத் தமிழில் என்ன சொல்? மெத்தை விரிப்பு, போர்வை, ரஜாய் என்று எதைப் போட்டாலும் முழுசாகப் பொருந்தாது. மேலே துண்டு துண்டாக ஒட்டிய துணி, நடுவே பஞ்சோ பழைய துணியோ, அடியில் ஒரு விரிப்பு. இந்த மூன்று அடுக்கையும் ஊடுருவிப் போகிற ஓட்டுத்தையல் இருந்தால்தான் அது குயில்ட். மெத்தை என்று பொருள்படும் 'குல்கிட்டா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பெயர் அது. தமிழில் 'குயிற்றுதல்' என்றால் பதித்தல். இதைப் பார்த்துவிட்டு "குயில்ட் தமிழ்ச்சொல்தான்" என்று யாராவது வாட்ஸப்பில் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: ரெண்டுக்கும் சம்பந்தமில்லை.

நம்மிடம் இருக்கிற நெருங்கிய சொல் வேறு. கந்தை. வடமொழி 'கந்தா'விலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள், கிழிசல்களை ஒட்டித் தைத்த போர்வை. அதே சொல் வங்காளத்துக்குப் போய் 'காந்தா' ஆனது. இன்றைக்கு காந்தா என்றால் கடையில் தனி ஷெல்ஃப், தனி விலை. தமிழுக்கு வந்த கந்தையோ வெறும் கிழிசலாக நின்றுவிட்டது. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பதில் தைக்கச் சொல்லவே இல்லை, துவைக்கத்தான் சொல்கிறார்கள்.

வங்காளத்தில் நடந்ததைக் கொஞ்சம் பார்க்கலாம். பழைய வெள்ளைப் புடவை, வேட்டிகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே கலர் நூலை உருவி, வீட்டுப் பெண்கள் தைத்தவை அவை. குழந்தையைப் படுக்க வைக்க, புத்தகம் சுற்ற, விருந்தாளிக்கு விரிக்க. குருசதய் தத் (1882-1941) என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, பணியாற்றிய மாவட்டங்களில் எல்லாம் இவற்றைச் சேகரித்தார். கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேகரித்தவை அமெரிக்காவின் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் உள்ளன. 2009-10இல் காந்தாவுக்கென்றே அங்கே தனிக் கண்காட்சி நடத்தினார்கள். ஒரு அதிகாரி, ஒரு பேராசிரியை. ரெண்டு பேர் குனிந்து பார்த்ததால் தப்பிப் பிழைத்தது அந்த மரபு.

இங்கே யாரும் குனிந்து பார்க்கவில்லை. "நம்ம ஊரில் குளிர் இல்லை, அதனால் குயில்ட்டும் இல்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. வடகர்நாடகம் நம்மூர் மாதிரியே காய்கிற பூமி. அங்கே கௌதி என்ற ஒட்டுப்போர்வை வீட்டுக்கு வீடு உண்டு. உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த சித்தி மக்கள் 'கவண்டி' தைக்கிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிற தையல் அது. நம் வீடுகளிலும் பழம்புடவையை நாலாக மடித்து, சுற்றிலும் நூல் ஓட்டி, பச்சைக் குழந்தைக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. 'பழந்துணி', அவ்வளவுதான். இதற்குக் காரணம் வெயில் இல்லை, கூச்சம்.

இந்தக் கூச்சத்துக்கு வயது அதிகம். பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் போகிற பொருநன் உடுத்தியிருப்பது, வேற்று நூல் ஓடித் தையல் விழுந்த, ஈரும் பேனும் குடியிருக்கிற கந்தல். அரசன் முதலில் செய்கிற உபசாரமே அதை அகற்றிவிட்டு, பாம்புச் சட்டை போல மெல்லிய புதுத்துணி கொடுப்பதுதான். தைத்த துணியைக் களைந்தால்தான் வறுமை போனதாக அர்த்தம். கவனியுங்கள், அந்தக் கந்தலைத் தைத்த கை யாருடையது என்ற பேச்சே அங்கு இல்லை.

ஆனால் திருவண்ணாமலையில் இந்தக் கணக்கு ரெண்டு இடத்தில் தலைகீழாகிறது. ஒன்று சாமியாரின் உடம்பு. இன்னொன்று சாமியின் தேர்.

முதலில் சாமியார். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தான். கோயிலுக்குப் போய்விட்டு வந்து தலையை மழித்துக்கொண்டு, கட்டியிருந்த வேட்டியிலிருந்து கோவணத்துக்கு ஒரு துண்டு கிழித்துக்கொண்டான். மீதித் துணியையும் கையிலிருந்த மூன்று ரூபாய்ச் சொச்சத்தையும் அய்யங்குளத்தில் போட்டுவிட்டான். ரமணரின் துறவு துணி கிழிப்பதில் தொடங்கியது என்று சொல்லலாம். அடுத்தது இன்னும் சுவாரசியம். மலையில் இருந்த அந்த ஆரம்ப ஆண்டுகளில் கோவணம் கிழிந்துபோகிறது. யாரிடமும் எதுவும் கேட்கிற வழக்கமில்லை. ஊசியில்லை, நூலில்லை. ஒரு முள்ளை எடுத்து, இன்னொரு முள்ளால் அதில் துளை போட்டு ஊசியாக்கிக்கொண்டார். கோவணத்திலிருந்தே ஓர் இழையை உருவிக் கோத்துத் தைத்தார். தைத்த இடம் வெளியே தெரியாதபடி மடித்துக் கட்டிக்கொண்டார். துண்டும் அப்படித்தான், ஓட்டை ஓட்டையாக. பக்தர்கள் பார்த்தால் புதுசு கொண்டுவந்துவிடுவார்கள் என்று மரப்பொந்தில் ஒளித்து வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்ட ஆடு மேய்க்கிற பையன், கவர்னருக்கு இந்தத் துண்டு வேண்டுமாம் என்று கிண்டல் செய்தானாம். தரமாட்டேன் என்று போய்ச் சொல் என்றாராம் இவர். இதையெல்லாம் அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னதை சூரி நாகம்மா தெலுங்குக் கடிதங்களில் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தக் கதையைப் பொதுவாக வைராக்கியத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நான் அந்த நூலைத்தான் பார்க்கிறேன். துணியிலிருந்தே இழை உருவி அதே துணியைத் தைப்பதுதான் வங்காளப் பெண்கள் காந்தாவில் செய்தது. வடக்கே ரஃபு வேலை செய்கிறவர்கள் விலையுயர்ந்த சால்வையில் கிழிசலை மறைக்கச் செய்வதும் இதேதான். வெளி நூலானால் தடிமன் வேறாக இருக்கும், இழுக்கும், பக்கத்துத் துணியையும் அறுக்கும். சொந்த இழை அந்தத் துணியோடு சேர்ந்தே தேயும். தெரிந்தவர்கள் செய்கிற வேலை இது.

ஒட்டுத்துணிக்கும் துறவுக்கும் உள்ள உறவு திருவண்ணாமலைக்கு மட்டும் சொந்தமில்லை. மகத நாட்டு வயல்களின் வரப்பைக் காட்டி, அதுபோலத் துண்டுகளை இணைத்துத் துவராடை தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்டதாக விநயபிடகம் சொல்கிறது. ஜப்பானிய பிக்குகளின் 'கேசா' இன்றுவரை அந்த வயல் வடிவத்தில்தான் தைக்கப்படுகிறது. சூஃபிகளுக்கு 'முரக்கா' என்ற ஒட்டு அங்கி. சங்கரர் பெயரில் வழங்கும் பஜகோவிந்தத்திலும் தெருவில் பொறுக்கிய துணியால் ஆன கந்தை வருகிறது. நம்ம ஊரில் விசிறி சாமியார், யோகி ராம்சுரத்குமார் (மறைவு 2001), அழுக்கேறிய உடையோடு கையில் விசிறியும் கொட்டாங்கச்சியுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள். பெரிய பெரிய மனிதர்கள் அந்த அழுக்கு உடைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். அதே உடையில் ஒரு கிழவி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

இனி தேர். கார்த்திகை தீபத் திருவிழாவில் ஏழாம் நாள் பஞ்சமூர்த்திகளின் ஐந்து தேர்கள். அம்மன் தேரைப் பெண்களே இழுப்பது இங்கே வழக்கம். தேரில் மரச்சிற்பம் உள்ள அடிப்பாகம்தான் நிரந்தரம். அதற்கு மேல் கோபுரம் போல எழும்புகிற உயரம் முழுக்கக் கொம்பும் கயிறும் துணியும். தூரத்திலிருந்து 'தேர் வருது' என்று நாம் பார்ப்பதில் பெரும்பங்கு உண்மையில் தையல்காரரின் வேலை! நாலு பக்கமும் உருளை உருளையாகத் தொங்குபவை தொம்பை. மேலே விதானமாகக் கட்டுகிற துணிக்கு அஸ்மானகிரி என்று பெயர். ஆஸ்மான் என்றால் பாரசீகத்தில் வானம். சைவக் கோயில் விதானத்துக்குப் பாரசீகப் பெயர் வந்தது மராட்டிய, நவாப் காலப் புழக்கத்தில் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இந்த வேலைக்குப் பேர்போன இடங்கள் தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரம். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை என்று அடிக்கிற நிறங்களில் யாளி, மயில், தாமரை உருவங்களை வெட்டி, அடித்துணியின் மேல் வைத்து, ஓரத்தை மடித்துத் தைப்பார்கள். கீழே குஞ்சம். குயில்ட் செய்கிறவர்கள் 'அப்ளிக்' என்று பயிலரங்கு வைத்துச் சொல்லித்தருவது இதைத்தான். நூறடி தள்ளி நிற்கிற கூட்டத்துக்குத் தெரிய வேண்டும் என்பதால் நுணுக்கம் குறைவு, தைரியம் அதிகம். துணியில் வரைகிற கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெட்டி ஒட்டுகிறவர்களை நோக்கி இன்னும் அந்த வெளிச்சம் திரும்பவில்லை. இதற்கிடையே அச்சடித்த பளபளப்புத் துணி விலை மலிவாகக் கிடைக்கிறது. திருவிழா கமிட்டிக்கு யோசிக்க என்ன இருக்கிறது?

அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் தொகுத்து வெளியிட்டது. கல்லில் வெட்டியது ஆயிரம் வருஷம் நிற்கும். துணி ஒரு மழைக்குத் தாங்காது. ஆகவே நம் கோயில் வரலாறு முழுக்க தச்சரும் சிற்பியும் கொடையாளியும்தான். டியூப்லைட்டில்கூட உபயதாரர் பெயர் பெயிண்டில் இருக்கும், வெளிச்சம் பாதி மறைந்தாலும் பரவாயில்லை என்று. தொம்பையில் தையல்காரர் பெயர் இருக்காது.

ஆக, ஒட்டுத்துணி மிக மேலே இருந்தால் அலங்காரம், எல்லாவற்றையும் விட்டவர் உடம்பில் இருந்தால் ஞானம். நடுவில் இருக்கிற குடும்பத்தில் மட்டும் அது அவமானம். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பையனின் டிராயர் பின்பக்கத்தில் ரெண்டு வட்டமாக ஒட்டு இருந்தால் 'தபால் பெட்டி' என்று கூப்பிட்ட தலைமுறை நாங்கள். என் தொழிலில் தினமும் பேட்ச் போடுகிறோம். பஞ்ச் கார்டு, காகித நாடா காலத்தில் தப்பான துளைகளின் மேல் நிஜமாகவே ஒரு துண்டை ஒட்டியதால் வந்த பெயர் அது. அதில் யாருக்கும் வெட்கமில்லை, சம்பளம்கூடக் கிடைக்கிறது.

இதில் பெரிய வேடிக்கை, நம் கரையிலிருந்து போன துணிதான் ஐரோப்பாவில் ஒட்டுவேலையைப் பொக்கிஷமாக்கியது. சோழமண்டலச் சீட்டித் துணியின் இறக்குமதிக்கு 1700இலும், உடுத்துவதற்கு 1721இலும் இங்கிலாந்து தடை போட்டது. கையிலிருந்த துண்டுகளை வீணாக்க மனசு வராமல், பூக்களை மட்டும் வெட்டி வெள்ளைத் துணியில் ஒட்டிப் படுக்கை விரிப்பாக்கினார்கள் அங்குள்ள பெண்கள். 1960களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள், பல கட்டங்களை ஒட்டித் தைத்த 'மெட்ராஸ்' கால்சட்டையில் உலா வந்தார்கள். இங்கே பார்த்தால் லுங்கியில் ஒட்டுப்போட்டவன் என்போம்.

நிலைமை மாறுகிறது. 2019இல் சென்னையில் இந்தியா குயில்ட் திருவிழா நடந்தது. குயில்ட் தைக்கிற பெண்கள் குழுவாகக் கூடுகிறார்கள், துண்டுத்துணி மாற்றிக்கொள்கிறார்கள், ஒருத்தர் பாதியில் விட்டதை இன்னொருத்தர் முடிக்கிறார். சந்தோஷமான விஷயம். ஆனால் இந்தக் கலையே வெளிநாட்டிலிருந்து வந்தது போன்ற ஒரு தோற்றமும் கூடவே வருகிறது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் கிராமத்தில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், தேய்ந்த வேலை உடுப்புகளில் குளிருக்காகத் தைத்த குயில்ட்டுகள் 2002இல் அருங்காட்சியகத்துக்குப் போயின, 2006இல் தபால்தலை ஆயின. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தைத்தவர் பெயர் இருந்தது. குயில்ட் செய்பவர்களிடம் எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கமும் இதுதான். வேலை முடிந்ததும் பின்பக்க மூலையில் ஒரு துணிச்சீட்டு வைத்துத் தைப்பார்கள். யார், எந்த ஊர், எந்த வருஷம், யாருக்காக.

உங்கள் வீட்டுப் பரணில் அம்மாவோ அத்தையோ பாட்டியோ தைத்த அப்படி ஒரு பழந்துணி இருந்தால், தரை துடைக்க எடுப்பதற்கு முன் விரித்துப் போட்டு ஒரு போட்டோ எடுங்கள், பின்பக்கமும் சேர்த்து. எத்தனை அடுக்கு என்று ஓரத்தில் எண்ணிப் பாருங்கள். எது யார் புடவை, எந்தக் குழந்தைக்குத் தைத்தது என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, ஒரு சீட்டில் வைத்து மூலையில் தைத்துவிடுங்கள்.