மௌனப்பட இசையிலிருந்து பேசும்பட ஒலிக்கு

பேசும்படம் 1920களின் இறுதியில் அமெரிக்காவில் வேரூன்றியபோது, ஒரு காட்சிக்கு எந்த ஒலி பொருந்தும், அது எங்கே எழ வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதையெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. மௌனப்பட அரங்குகளில் திரைக்கு முன் அமர்ந்து வாசித்த பியானோ, ஆர்கன், டிரம்ஸ் கலைஞர்கள் இருபது ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துவந்தார்கள். பேசும்பட ஒலி அவர்களுடைய கைத்தொழிலிலிருந்து வளர்ந்தது.

ஆரம்ப நாட்களில் பியானோ வாசிப்பவர் தமக்குத் தெரிந்த மெட்டுகளையே வாசித்தார். சாவுக் காட்சியில் துள்ளல் பாட்டு ஒலிப்பதும் உண்டு. இதைச் சீர்செய்யும் முயற்சிகள் 1908 முதல் தெரிகின்றன. அந்த ஆண்டு 'கீஸ் பிரபுவின் கொலை' என்ற பிரெஞ்சுப் படத்துக்கென்றே இசையமைப்பாளர் கமீல் சான்-சான்ஸ் தனி இசை எழுதினார். 1909இல் எடிசன் நிறுவனம், தன் படங்களின் எந்தக் காட்சிக்கு எவ்வகை இசை பொருந்தும் என்ற யோசனைகளைத் தன் இதழில் அச்சிடத் தொடங்கியது. பிறகு ஒவ்வொரு படத்துக்கும் குறிப்புத்தாள் வரத் தொடங்கியது. திரையில் எந்த வாசகம் அல்லது அசைவு வரும்போது எந்த மெட்டைத் தொடங்குவது, அதை எவ்வளவு நேரம் வாசிப்பது என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். படத்தை நேர அளவோடு பகுதி பகுதியாகப் பிரித்து, இசை நுழையும் இடங்களைக் குறிக்கும் பழக்கம் இப்படித்தான் உருவானது.

உணர்ச்சிக்கு ஓர் இசை என்ற பாகுபாடும் அக்காலத்தில் நிலைபெற்றது. இத்தாலியில் பிறந்து பெர்லினில் பணியாற்றிய ஜியுசெப்பே பெச்சே 1919 முதல் வெளியிட்ட 'கினோதேக்' தொகுப்புகளும், எர்னோ ரப்பே 1924இல் நியூயார்க்கில் வெளியிட்ட தொகுப்பும் இவ்வகையில் முக்கியமானவை. ரப்பேயின் நூல் 52 மனநிலைகளுக்கும் சூழல்களுக்கும் இசை தந்தது. துரத்தல், தீயணைப்பு, ரயில், கடற்புயல், தாலாட்டு, திகில், திருமணம் எனத் தலைப்புகள் விரிந்தன. அந்தப் பட்டியல் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அச்சாகியிருந்தது. காட்சி சட்டென்று மாறினால், வாசிப்பவர் ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையால் வேண்டிய பக்கத்துக்குத் தாவலாம்.

இசையோடு சத்தங்களும் அந்தக் கலைஞர்களின் பொறுப்பில் இருந்தன. டிரம்ஸ் கலைஞரைச் சுற்றி ஒரு கருவிக் கூட்டமே இருக்கும். குதிரைக் குளம்புக்குக் கொட்டாங்கச்சி, ரயிலின் நீராவிக்கு ஒன்றோடொன்று உரசும் உப்புத்தாள் கட்டைகள், இடிக்குத் தகரத் தகடு, பறவைக்கு ஊதல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமான் இருந்தது. பெரிய அரங்குகளில் இவை ஆர்கனுக்குள்ளேயே இடம்பெற்றன. ராபர்ட் ஹோப்-ஜோன்ஸின் வடிவமைப்பை ஏற்று வுர்லிட்சர் நிறுவனம் தயாரித்த அரங்க ஆர்கன்களில் மணி, சைரன், ரயில் ஊதல், குளம்பொலி ஆகியவை பொத்தானிலும் மிதியிலும் இயங்கின. ஒரே ஆள், ஒரே இருக்கையில், இசையையும் சத்தத்தையும் சேர்த்து இயக்கினார்.

1926 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க்கில் வெளியான வார்னர் பிரதர்ஸின் 'டான் ஜுவான்' படத்தில் பேச்சே இல்லை. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழு வாசித்த இசையும், வாள்கள் மோதும் ஒலி போன்ற சத்தங்களும் மட்டும் வைட்டஃபோன் இசைத்தட்டுகளில் பதிவாகியிருந்தன. மாநகரத்துப் பெரிய வாத்தியக் குழுவின் இசையைச் சிற்றூர் அரங்குக்கும் கொண்டுசெல்வதே நோக்கம். அடுத்த ஆண்டு வந்த 'தி ஜாஸ் சிங்கர்' படத்திலும் பேச்சு மிகக் குறைவு. லூயி சில்வர்ஸ் அதற்கு இசை சேர்த்தபோது, குறிப்புத்தாள் மரபின்படி சைகோவ்ஸ்கியின் மெட்டு உள்ளிட்ட பழைய இசைத் துண்டுகளைக் கோத்தார். 1927 செப்டம்பரில் மூவிடோன் முறையில் படச்சுருளிலேயே ஒலி பதிந்து வெளிவந்த 'சன்ரைஸ்' ஒரு படி மேலே போனது. ஏரியில் காணாமல்போன மனைவியைக் கணவன் கூவி அழைக்கும் இடத்தில் மனிதக் குரலுக்குப் பதிலாக ஹார்ன் வாத்தியம் ஒலிக்கிறது.

படத்தையும் ஒலியையும் துல்லியமாக இணைக்கும் வழி கார்ட்டூன் படங்களில் திருத்தம் பெற்றது. 1928இல் வால்ட் டிஸ்னி 'ஸ்டீம்போட் வில்லி'க்கு ஒலி சேர்த்தபோது முதல் பதிவு தாளம் தப்பியது. பிறகு இசைக்குழுவை நடத்துபவர் பார்த்துத் தாளம் பிடிக்க, படத்தில் துள்ளும் புள்ளி ஒன்று சேர்க்கப்பட்டது. குழுவை நடத்திய கார்ல் எடுவார்ட் நியூயார்க்கின் ஸ்ட்ராண்ட் அரங்கில் மௌனப்படங்களுக்கு இசை நடத்தியவர். அடுத்து டிஸ்னியிடம் சேர்ந்த கார்ல் ஸ்டாலிங் கேன்சஸ் சிட்டியில் அரங்க ஆர்கன் வாசித்தவர். வாசிப்பவர்களுக்கு மட்டும் கேட்கும் 'டிக்' ஒலியை வைத்துப் பதிவு செய்யும் முறையை வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் படத்தில் 12 சட்டங்களுக்கு ஒரு தட்டு என்றால் நிமிடத்துக்கு 120 தட்டுகள். படம் வரைபவரும் இசைப்பவரும் இப்படி ஒரே கணக்கைப் பகிர்ந்துகொண்டனர். 'கிளிக் டிராக்' என்று இன்றும் ஒலிப்பதிவுக் கூடங்களில் வழங்குவது இதன் வளர்ச்சியே.

சத்தம் உண்டாக்கும் வேலையும் இதே பாதையில் வந்தது. யுனிவர்சல் நிறுவனம் மௌனமாகப் படமாக்கிய 'ஷோ போட்' (1929) படத்துக்கு ஒலி சேர்த்தவர்களில் ஜாக் ஃபோலியும் ஒருவர். திரையில் ஓடும் படத்தைப் பார்த்தபடியே காலடி, கைதட்டல் போன்றவற்றை அந்தந்த நொடியில் நிகழ்த்துவது அவர்கள் முறை. டிரம்ஸ் கலைஞர் அரங்கில் செய்ததும் இதைத்தான். இந்தக் கலை இன்று ஃபோலி பெயராலேயே வழங்குகிறது.

இடையில் ஒரு தேக்கமும் வந்தது. 1929 முதல் சில ஆண்டுகள், பதிவான ஒலியை மீண்டும் கலந்து பதிந்தால் தரம் கெட்டது. பேச்சுக்குப் பின்னால் இசை வேண்டுமானால் படப்பிடிப்பிலேயே வாசிக்க வேண்டியிருந்தது. அதனால் பல படங்களில் பின்னணி இசை ஏறக்குறைய மறைந்தது. கலவை நுட்பம் தேறியபின் 1933இல் வந்த 'கிங் காங்' பழைய மரபை மீட்டது. மாக்ஸ் ஸ்டைனர் அதற்கு இசையமைத்தார். தொடக்கத்தில் வரும் நியூயார்க் காட்சிகளில் இசை இல்லை, மூடுபனிக்குள் கப்பல் தீவை நெருங்கும்போதுதான் எழுகிறது. தீவுத் தலைவன் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுரம் விழுகிறது. ராட்சதக் குரங்கான காங்கும் டைனோசரும் மோதும் இடத்தில் இசை விலகி, உறுமலுக்கும் அலறலுக்கும் வழிவிடுகிறது. அந்தச் சத்தங்களை உருவாக்கிய மர்ரி ஸ்பிவாக் அடிப்படையில் ஒரு டிரம்ஸ் கலைஞர். விலங்குகளின் உறுமலைப் பதிந்து, வேகத்தைக் குறைத்தும் பின்னோக்கி ஓட்டியும் அவர் காங்கின் குரலை அமைத்தார்.

இந்த மாற்றத்தில் ஆயிரக்கணக்கான அரங்கக் கலைஞர்கள் வேலை இழந்தனர். பதிவு செய்த இசைக்கு எதிராக அவர்களுடைய தொழிற்சங்கம் 1930இல் நாளிதழ்களில் விளம்பரப் பிரசாரமே நடத்தியும் பயனில்லை. ஸ்டாலிங், ஸ்பிவாக் போன்ற சிலருக்கே ஸ்டூடியோக்களில் இடம் கிடைத்தது. ஆனாலும் காட்சியை நேரக் கணக்கில் பிரிப்பது, உணர்ச்சிக்கேற்ற இசையைத் தேர்வது, அசைவோடு சத்தத்தை இணைப்பது, இசைக்கும் சத்தத்துக்கும் முறை வைத்து இடம் விடுவது ஆகிய நான்கும் பேசும்பட ஒலியமைப்பின் அடிப்படை விதிகளாயின. இவை நான்கும் அரங்கக் கலைஞர்கள் வகுத்துத் தந்தவை.